எஃப்.சி. காட்டப் போறீங்களா, முதல்ல கண்ணாடியப் பாருங்க

வண்டிய எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற ஃபிட்னஸ் சர்டிபிகேட்டுக்கு, ரெடி பண்றதுன்னாலே நம்ம ஆளுங்க முதல்ல போய் நிக்கிறது டிங்கரிங் பட்டறையிலதான். பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி, டயர் மாத்தி, பிரேக் வேலை முடிச்சுன்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு, எஃப்.சி. பாக்கிற கிரவுண்டுல வண்டிய வரிசையில நிறுத்துனதுக்கு அப்புறம்தான் லெஃப்ட் சைடு கண்ணாடி ஆடுதேன்னு ஞாபகம் வரும், உடனே பக்கத்து வண்டிக்காரர்கிட்ட ஸ்பேனர் கேட்டு, இன்சுலேஷன் டேப் சுத்தி, எப்படியாவது தாண்டிறணும்னு ஒரு பதட்டம். வேண்டாங்க. மொத்த எஃப்.சி. செலவுலயே ரொம்ப கம்மி காசுல முடியற வேலை இந்த கண்ணாடி வேலைதான், முந்தின நாள் சாயந்திரம் ரெண்டு மணி நேரம் ஒதுக்குனா போதும்.

நான் ஈரோட்டுப் பக்கம் சொந்தமா குட்டியானை, அதான் அந்த சின்ன லோடு வண்டி, ஓட்டுறேன், பன்னெண்டு வருஷமாச்சு. கண்ணாடியால மட்டுமே ஒரு தடவை திரும்பி வந்திருக்கேன். அன்னைக்கு பிரேக் சரியா இருந்துச்சு, லைட் சரியா இருந்துச்சு, புகை சர்டிபிகேட்டும் கையில இருந்துச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது எஃப்.சி.க்கு வண்டிய சோதிக்கிற அதிகாரி, என்னை சீட்ல உக்காரச் சொல்லிட்டு, அவரு லெஃப்ட் சைடுல பின் சக்கரத்துக்கிட்ட போய் நின்னு, "கண்ணாடியப் பாத்து சொல்லுங்க, எத்தனை விரல் காட்டுறேன்"னு கேட்டாரு. எனக்கு அவரு பேண்ட்டும் செருப்பும் தெரியுது, கை தெரியல. ஏன்னா கண்ணாடியோட மேல் பாதியில ரசம் போயி திட்டுத் திட்டா கறுத்துப் போயிருந்துச்சு. தினமும் அதையே பாத்துப் பாத்து எனக்கு அது பழகிப்போச்சு, எனக்கு தெரியலங்கிறதே எனக்குத் தெரியல. அதுக்கு ஒரு மாசம் முந்திதான் மார்க்கெட்ல ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒரு பாட்டியோட தக்காளிக் கூடை மேல ஏத்தியிருந்தேன், கூடைக்கு காசு குடுத்துட்டு "கூட்டம் ஜாஸ்தி, என்ன பண்றது"ன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அந்த விரல் கேள்விக்கு அப்புறம்தான் அது கூட்டத்தால நடக்கலன்னு புரிஞ்சுது. அந்த பாட்டி கூடைக்குப் பின்னாடி ஒரு முழம் தள்ளி உக்காந்திருந்தாங்க. இன்னைக்கும் அதை நினைச்சா வயிறு கலங்கும்.

சட்டத்துல என்ன இருக்குன்னு சுருக்கமா சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 56-ஆவது பிரிவுப்படி லோடு வண்டி, ஆட்டோ, டாக்ஸி, பஸ் மாதிரி டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எஃப்.சி. இல்லன்னா ரிஜிஸ்ட்ரேஷனே செல்லாத மாதிரிதான் கணக்கு. புது வண்டிக்கு 2 வருஷம், அப்புறம் வண்டிக்கு 8 வயசு ஆகற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒருக்கா, 8 தாண்டிட்டா வருஷா வருஷம். என்னென்ன பாக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 62-ஆவது விதியில ஒரு அட்டவணையே இருக்கு, ஹெட்லைட், ஹார்ன், வைப்பர், ஸ்டியரிங் இதெல்லாம் இருக்கிற அதே வரிசையில பின்பக்கம் பாக்கிற கண்ணாடியும் தனி ஐட்டமா இருக்கு. கண்ணாடி எப்படி இருக்கணுங்கிறதுக்கு ஏ.ஐ.எஸ். 001, அதை வண்டியில எப்படி மாட்டணுங்கிறதுக்கு ஏ.ஐ.எஸ். 002ன்னு ரெண்டு தரம் இருக்கு, கம்பெனியில இருந்து வர்ற கண்ணாடி இதுக்கு ஒத்துத்தான் வருது. அதனாலதான் கம்பெனி மாட்டுன இடத்துல, கம்பெனி குடுத்த சைஸ்ல இருக்கிற வரைக்கும் உங்களுக்கு பிரச்சனையே கிடையாது, நாமளா கழட்டி, மாத்தி, வெட்டி, ஒட்டி வெக்கிறப்பதான் கேள்வி வருது. சொந்த கார், பைக் வெச்சிருக்கவங்களுக்கு 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கும்போது வண்டிய கொண்டுபோய் காட்டணும், அப்ப இதே கதைதான்.

இன்னொண்ணும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. எஃப்.சி. தரமுடியாதுன்னா அதுக்கான காரணத்தை எழுத்துல தரணும்னு அதே 56-ஆவது பிரிவுலயே இருக்கு. "கண்ணாடி சரியில்ல, போயிட்டு வா"ன்னு வாயில சொன்னா, சண்டைக்குப் போகாம, எந்தப் பக்கம், என்ன குறைன்னு எழுதித் தரச் சொல்லி பணிவா கேளுங்க. அந்த தாள் இருந்தா அடுத்த தடவை அந்த வேலைய மட்டும் முடிச்சுட்டுப் போகலாம். இப்ப மெஷின் வெச்சு டெஸ்ட் பண்ற ஸ்டேஷன்கள் வருது, அங்கயும் பிரேக், ஹெட்லைட், புகை மாதிரி விஷயங்களுக்குத்தான் மெஷின், கண்ணாடிய ஆள் நின்னு கண்ணால பாத்துத்தான் முடிவு பண்றாங்க.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல கண்ணாடிய நல்லா கழுவுங்க. சும்மா துணியில துடைக்கிறது இல்ல, ஷாம்பு தண்ணி போட்டு கழுவி, பழைய பேப்பர்ல துடைச்சுட்டு வெயில்ல நிறுத்திப் பாருங்க. மழைக்காலத்துல முன் கண்ணாடிக்கு புகையிலை தேய்க்கிற பழக்கம் நம்ம டிரைவர்ங்ககிட்ட உண்டு, அந்தக் கையோட சைடு மிரர்லயும் தேய்ச்சு வெச்சிருப்போம், அது காஞ்சு பழுப்பு கலர்ல ஒரு படலமா நிக்கும், எதிர் வெயில்ல ஒண்ணும் தெரியாது. அது போனாத்தான் உள்ள என்ன லட்சணத்துல இருக்குன்னு தெரியும். ரசம் ஓரத்துல இருந்து உரிய ஆரம்பிச்சு உள்பக்கமா வந்துட்டே இருக்கும், நகக்கண் அளவு ஓரத்துல இருந்தா பரவால்லன்னு விட்டுடலாம், அதுக்கு மேல போயிருந்தா மாத்திடுங்க. விரிசல் விட்டது, உடைஞ்சு ஒட்டுனது, இதுக்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம், ஒரு விரிசல் இருந்தா பின்னாடி வர்ற ஒரு பைக் ரெண்டா தெரியும், சில சமயம் அந்த கோட்டுக்குள்ளயே மறைஞ்சும் போயிடும்.

மாத்தும்போது நடக்கிற பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. கண்ணாடிக் கடையில போயி பழைய கண்ணாடிய வெச்சு அளவெடுத்து, பீரோவுக்கு போடுற சாதா கண்ணாடியில வெட்டி ஒட்டிட்டு வந்துடறாங்க. பாக்க பளபளன்னு இருக்கும், முகம் பாத்து தலை சீவலாம், ஆனா ரோடு பாதிதான் தெரியும். சைடு மிரர்ல வர்றது பெரும்பாலும் நடுவுல லேசா புடைச்ச குவி கண்ணாடி, அந்தப் புடைப்பாலதான் சின்ன கண்ணாடிக்குள்ள அவ்வளவு அகலமான ரோடு அடங்குது. உங்க கண்ணாடி எந்த வகைன்னு தெரியணும்னா பசங்க ஸ்கூல் ஸ்கேல் ஒண்ணை எடுத்து கண்ணாடி மேல நிமிர்த்தி வெச்சுப் பாருங்க. ரெண்டு முனையும் தூக்கிட்டு, நடுவுல மட்டும் தொட்டு, ஊஞ்சல் மாதிரி ஆடுச்சுன்னா அது குவி கண்ணாடி. ஸ்கேல் முழுசா படிஞ்சு உக்காந்தா அது சாதா கண்ணாடி. லெஃப்ட் சைடுல சாதா கண்ணாடி இருந்தா அன்னைக்கே மாத்திடுங்க, குட்டியானைக்கு வண்டி மாடல் சொல்லி முழு செட்டு வாங்குனாலே சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

குவி கண்ணாடியில ஒரு கஷ்டமும் இருக்கு, எல்லாமே சின்னதா தெரியறதால பின்னாடி வர்ற பஸ் தூரத்துல வர்ற மாதிரி இருக்கும், உண்மையில பக்கத்துல வந்திருக்கும். கம்பெனி கண்ணாடியில கீழ ஓரமா ஒரு வரி எழுதியிருக்கும், கண்ணாடியில தெரியறதை விட பொருள் கிட்டத்துல இருக்குங்கிற அர்த்தத்துல, அது இதுக்குத்தான்.

ஒட்டுற விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை. ஃபெவிக்விக் போடாதீங்க, அது காயும்போது வர்ற ஆவி கண்ணாடி மேல வெள்ளையா பூத்துப்போகும், தேய்ச்சாலும் லேசுல போகாது. சிலிக்கான் போடறதா இருந்தா வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், அந்தப் புளிப்பு பின்னாடி இருக்கிற ரசத்தை அரிச்சிடும், ஒட்டி ஆறு மாசத்துல நடுவுல கறுப்பு விழும். நான் ரெண்டு தடவை இப்படி கண்ணாடிய வீணாக்கி இருக்கேன், ஏன் இப்படி ஆகுதுன்னு ஹார்டுவேர் கடை அண்ணன்கிட்ட கேட்டப்பதான் அவரு சொன்னாரு, கண்ணாடிக்குன்னே நியூட்ரல் சிலிக்கான் தனியா இருக்கு, கேட்டு வாங்குன்னு. இல்லன்னா நல்ல டபுள் சைடு ஃபோம் டேப் போதும்.

அடுத்தது ஆட்டம். வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டுட்டு கண்ணாடியில பின்னாடி நிக்கிற வண்டியோட நம்பர் பிளேட்டைப் பாருங்க. நம்பர் படிக்க முடியாத அளவுக்கு நடுங்குதுன்னா எங்கயோ லூஸ். மூணு இடத்துலதான் லூஸ் ஆகும்: பாடியில மாட்டியிருக்கிற பிராக்கெட் போல்ட், ராடும் கண்ணாடியும் சேர்ற கிளாம்ப், இல்ல உள்ள இருக்கிற பால் ஜாயிண்ட். முதல் ரெண்டும் ஸ்பேனர் வேலை, முறுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்குங்க, இல்லன்னா நாலு நாள் கல்லு ரோட்டுல ஓடுனா திரும்ப பழைய கதை. பால் ஜாயிண்ட் தேஞ்சுபோனா கையால திருப்புனா சொன்ன பேச்சு கேக்காம கீழ தொங்கும், நிறைய பேரு அதுல எம்-சீல் வெச்சு அடைச்சிடுவாங்க, அப்படி அடைச்சா கண்ணாடி ஆடாது, ஆனா திருப்பவும் முடியாது, நாளைக்கு வேற டிரைவர் உக்காந்தா அவரு உயரத்துக்கு வெக்க முடியாது. இன்ஸ்பெக்டர் கையால பிடிச்சு அசைச்சுத்தான் பாப்பாரு. கையால திருப்புனா திரும்பணும், விட்டா நிக்கணும், அவ்வளவுதான்.

தொங்கவிட்டிருக்கிறது எல்லாத்தையும் கழட்டிடுங்க. கண்ணாடி ராடுல கறுப்புக் கயிறு, திருஷ்டி பொம்மை, ரிப்பன், சவுரி முடி, உள் கண்ணாடியில மல்லிப்பூ, முருகர் டாலர்னு எல்லாம் இருக்கும். திருஷ்டி கழிக்கிறதை நான் தப்பு சொல்லல, எங்க வண்டியிலயும் எலுமிச்சம்பழம் இருக்கு, முன்னாடி பம்பர்ல. கண்ணாடிக்கு முன்னாடி ஆடிட்டே இருக்கிற ஒரு பொருள் கண்ணை இழுத்துட்டே இருக்கும், அதுவும் போக காத்துல அடிச்சு அடிச்சு கண்ணாடியில கீறல் போடும். சாமி பேரு ஸ்டிக்கர் கண்ணாடி மேலயே ஒட்டியிருந்தா பிளேடு வெச்சு சுரண்டாதீங்க, வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சா பசை இளகும், நகத்தாலயே உரிச்சு எடுத்துட்டு மிச்சப் பசைய தேங்காய் எண்ணெய் தொட்டு துடைச்சா வந்துடும்.

ஆட்டோக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. சந்துல இடிக்குதுன்னு வலது பக்கக் கண்ணாடிய உள்பக்கமா மடக்கி வெச்சே ஓட்டிட்டு இருப்பீங்க, எஃப்.சி. அன்னைக்கு வெளிய இழுத்தா துருப்பிடிச்சு உடைஞ்சு கையோட வரும், இதை நான் கிரவுண்டுலயே பாத்திருக்கேன். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஆட்டிப் பாத்துக்கோங்க. உள்ள பின் சீட்டைப் பாக்கிற மாதிரி வெச்சிருக்கிற கண்ணாடி ரோடு பாக்கிற கண்ணாடிக்கு ஈடு ஆகாது. காருக்கு, கண்ணாடி கூட்டுல இண்டிகேட்டர் இருக்கிற மாடலா இருந்தா அதுவும் எரியணும், அதை லைட் கணக்குல பாப்பாங்க. பைக்குக்கு ரெண்டு பக்கமும் மாட்டிட்டே போங்க, ஸ்டைலுக்கு போடற உள்ளங்கை சைஸ் கண்ணாடி வேண்டாம், அதுல உங்க தோள்பட்டை மட்டும்தான் தெரியும். யமஹா வண்டின்னா வலது பக்கக் கண்ணாடிக்கு மரை தலைகீழ், வழக்கமா சுத்துற மாதிரி சுத்தி முறுக்குனீங்கன்னா மரை போயிடும், பாத்து செய்ங்க.

லாரிதான் பெரிய விஷயம். முன்னாடியெல்லாம் லெஃப்ட் சைடுக்கு கண்ணாடிய விட பெரிய கண்ணு கிளீனர் பையன்தான். எங்க அப்பா சங்ககிரியில லாரிக்கு கிளீனரா போனவரு, கதவுல தொங்கிட்டே "வா வா வா, ரைட்ல ஒடி, ஹோல்டான்"னு கத்துற சத்தத்தை வெச்சுத்தான் டிரைவர் வண்டிய எடுப்பாரு, பாடிய ரெண்டு தட்டு தட்டுனா நிறுத்துன்னு அர்த்தம். இப்ப பாதி வண்டிக்கு கிளீனரே கிடையாது, டிரைவர் ஒத்தையா நாமக்கல்ல இருந்து மகாராஷ்டிரா வரைக்கும் போறாரு. அப்ப அந்த லெஃப்ட் சைடு கண்ணு கண்ணாடி மட்டும்தானே. கேபின் உயரமா இருக்கிறதால லெஃப்ட் கதவுக்குக் கீழயும், முன் பம்பருக்கு ஒட்டுனாப்புலயும் நிக்கிற ஆள் மெயின் மிரர்ல தெரியவே மாட்டான், சிக்னல்ல லாரிக்கு லெஃப்ட்ல வந்து நிக்கிற ஸ்கூட்டி, லாரி லெஃப்ட்ல ஒடிச்சதும் பின் சக்கரத்துல மாட்டுறது இந்த இடத்துலதான். அதனால மெயின் மிரர், அதுக்குக் கீழ அகலமா காட்டுற வைடு மிரர், கதவுக்கு மேல இருந்து நேரா தரையைப் பாக்கிற மிரர், முன் கண்ணாடிக்கு மேல இருந்து பம்பரைப் பாக்கிற மிரர்னு உங்க வண்டி மாடலுக்கு எத்தனை வந்துச்சோ அத்தனையும் இருக்கணும். ஒண்ணு உடைஞ்சு ராடு மட்டும் மொட்டையா நின்னுச்சுன்னா அதை வெச்சே, இங்க ஒண்ணு இருந்துச்சேன்னு கேப்பாங்க.

ஸ்கூல் வேன் ஓட்டுறவங்களுக்கு சட்டமே தனி. தமிழ்நாட்டுல ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு 2012-ல சிறப்பு விதி வந்துச்சு. 2022 மார்ச்ல சென்னையில ஸ்கூல் வளாகத்துக்குள்ளயே வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பையன் இறந்துபோனான், அந்த வருஷமே விதியைத் திருத்தி முன்னாடியும் பின்னாடியும் கேமரா, கூட சென்சார் கட்டாயம்னு கொண்டுவந்தாங்க. கேமரா இருக்குன்னு கண்ணாடிய விட்டுடாதீங்க, லென்ஸ்ல சேறு அடிச்சா ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாது.

எல்லாம் மாட்டி முடிச்சாச்சா, இனிமேதான் செட் பண்றது. முதல்ல சீட்டை நீங்க ஓட்டுற நிலைக்கு வெச்சு, நல்லா சாஞ்சு உக்காருங்க, நிமிர்ந்து உக்காந்து செட் பண்ணிட்டு சாஞ்சு ஓட்டுனா எல்லாமே தப்பா போகும். சைடு மிரர்ல உங்க வண்டியோட பாடி ஓரமா ஒரு கோடு மாதிரி தெரிஞ்சா போதும், கண்ணாடியில பத்துல ஒரு பங்கு. அதிகமா தெரிஞ்சா உங்க வண்டிய நீங்களே பாத்துட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். மேல கீழ அளவு, தூரத்துல ரோடும் வானமும் சேர்ற கோடு நடுவுல இல்லன்னா நடுவுக்கு கொஞ்சம் மேல வரணும். லோடு ஏத்துனா வண்டியோட பின்பக்கம் அமுங்கி கண்ணாடி கொஞ்சம் தரையைப் பாக்கும், அப்ப திரும்ப ஒருக்கா செட் பண்ணனும்.

அப்புறம் நான் பண்றது ஒரு குடம் டெஸ்ட். பிளாஸ்டிக் குடத்தை ஒரு ஸ்டூல் மேல வெச்சா கிட்டத்தட்ட மூணு அடி வரும், எல்.கே.ஜி. புள்ளை உயரம். நான் சீட்ல உக்காந்துக்குவேன், வீட்டுக்காரம்மா அந்த ஸ்டூலை வண்டியச் சுத்தி ஒவ்வொரு இடமா நகர்த்தி வெப்பாங்க, தெரியுதுன்னா தெரியுது, தெரியலன்னா அந்த இடத்துல சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி. லெஃப்ட் முன் சக்கரம், ரெண்டு கதவுக்கும் பக்கம், பின்னாடி டோர்ல இருந்து ஆறடி வரைக்கும் கட்டாயம் பாருங்க. முதல் தடவை பண்ணப்ப எங்க வாசல் முழுக்க பெருக்கல் குறியா இருந்துச்சு, பின்பக்கம் முழுசா, லெஃப்ட்ல ரெண்டு எட்டு அகலத்துக்கு. கண்ணாடிய கொஞ்சம் வெளிய திருப்பி, கீழ் மூலையில குட்டி ரவுண்டு மிரர் ஒண்ணு ஒட்டுனதும் லெஃப்ட்ல பாதி அழிஞ்சுது. பின்னாடி நேரா இருக்கிறது எந்த கண்ணாடியிலயும் அழியாது, அதுக்கு இறங்கிப் போய் பாக்கிறதைத் தவிர வேற வழி இல்ல, நான் இப்ப ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பாத்துட்டுத்தான் ரிவர்ஸ் போடறேன். குட்டி ரவுண்டு மிரரை கண்ணாடி நடுவுல ஒட்டி மெயின் பார்வையை மறைச்சுடாதீங்க, ஓரமா, கீழ ஒட்டுங்க.

கடைசியா ஒரு விஷயம் எனக்கு மனசு பொறுக்காம சொல்றது. எஃப்.சி.க்குன்னு ஒரு நாளைக்கு மட்டும் அடுத்தவன் வண்டியில இருந்து நல்ல டயர், நல்ல கண்ணாடி கழட்டிட்டு வந்து மாட்டி, சர்டிபிகேட் கையில வந்ததும் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு. டயருக்கு பல ஆயிரம் ஆகும், அதுவே தப்புதான், ஆனா கையில காசு இல்லாத வயித்தெரிச்சல் புரியுது. சில நூறு ரூபா கண்ணாடிக்கு எதுக்குங்க இது. ஒரு நாள் நல்ல கண்ணாடி, மிச்சம் 364 நாள் ரசம் போன கண்ணாடின்னா அந்த வண்டிக்குப் பின்னாடி நடந்து போறது யாரு வீட்டுப் புள்ளை.

கிரவுண்டுக்கு போற அன்னைக்கு டூல்ஸ் பையில ரெண்டு சைஸ் ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், ஈரத்துணி, காஞ்ச துணி வெச்சுக்கோங்க, போற வழியில லாரிக்காரன் ஒருத்தன் உரசிட்டுப் போனாலும் அங்கயே நிமிர்த்திக்கலாம். வரிசையில நிக்கும்போது ஒருக்கா துடைச்சுட்டு, சீட்ல உக்காந்து திரும்ப ஒருக்கா செட் பண்ணிக்கோங்க. விரல் காட்டி கேட்டாருன்னா அவசரப்படாம பாத்து சொல்லுங்க.

அப்புறம் ஆயுத பூஜை வரும். வண்டிய கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வெக்கிறப்ப பாசத்துல கண்ணாடி நடுவுலயும் ஒரு பொட்டு வெச்சிடுவோம், அது காஞ்சு கல்லு மாதிரி ஆகி, மறுநாள் துடைக்கிறப்ப வட்ட வட்டமா கீறல் விழுந்துடும். பொட்டை கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் கூட்டுல வெய்ங்க, எதிர்ல வர்றவங்களுக்கும் அதுதான் தெரியும்.